சவுரியப்பனுக்குக் கோபம் வரக்கூடாது

“ஐயையோ, அந்தப் பெட்டியில மட்டும் கை வெக்காதீங்க!”

ஏலம் கூவிக்கொண்டிருந்த பச்சியப்பன் போட்ட சத்தத்தில் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியே திரும்பிப் பார்த்தது.

மாதவராஜுக்குச் சுருக்கென்றது. சேலத்திலிருந்து முதல் தடவையாகச் சரக்கெடுக்க வந்திருந்த வியாபாரி அவர். மாதிரி பார்க்கிறேன் என்று பெட்டிக்கு நாலு பழம் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது வியாபாரிகளின் வழக்கம். காலையிலிருந்து எல்லார் பெட்டியிலும் எடுத்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இந்தப் பெட்டிக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

பெட்டிக்குச் சொந்தக்காரர் சவுரியப்பன் பக்கத்திலேயே நின்றார். ஒல்லியான ஆள். கழுத்தில் ஜெபமாலை.

இவரை மாதவராஜ் முன்பே கவனித்துவிட்டார். கடைசியாக வந்த ஆளின் சரக்குக்கு முதல் ஏலம். டீக்கடை தீர்த்தம்மாள் அத்தனை பேரையும் தாண்டி வந்து இவருக்கு முதல் டீ கொடுத்தாள். மற்றவர்கள் பெட்டியைத் தொப்பென்று போட்ட சுமைக்காரர்கள் இவர் பெட்டியைப் பூப்போல இறக்கினார்கள்.

சந்தேகமே இல்லை, ஊர் ரவுடி. ரவுடிகளைக் கண்டால் மாதவராஜுக்கு ஆகாது.

“எல்லாருக்கும் ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா?” என்று வேண்டுமென்றே இன்னும் இரண்டு பழம் எடுத்தார்.

“வெச்சிடுங்க. பாடுபட்டு வெளைய வெச்சதுங்க” என்றார் சவுரியப்பன்.

“வெக்க முடியாது. என்ன பண்ணுவ?”

சவுரியப்பன் கண்ணை மூடி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். “அருள் நிறைந்த மரியே...” பாதியில் நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சட்டைத் தோள் தையல் சடசடவென்று விட்டது. விரல் ஒவ்வொன்றும் மரவள்ளிக்கிழங்கு மாதிரி தடித்தது.

மாதவராஜ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

மண்டியில் இருந்தவர்கள் ஓடினார்கள். தப்பித்து அல்ல, சவுரியப்பனைப் பார்த்து. தீர்த்தம்மாள் ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். ஒருவர் மாதவராஜின் பையைப் பிடுங்கி, இருந்த பழமெல்லாவற்றையும் பெட்டியில் கொட்டினார்.

“எடுத்ததெல்லாம் வெச்சாச்சுண்ணா. பாருங்கண்ணா.”

“ஊருக்குப் புதுசுண்ணா. அறியாப் புள்ள, விட்டுடுங்க.”

ஐம்பது வயதில் அறியாப் பிள்ளையான மாதவராஜ் வேகமாகத் தலையாட்டினார்.

மெல்ல மெல்ல நரம்பு அடங்கியது. விரல்கள் பழையபடி விரல்களாயின. சவுரியப்பன் ஈரத் தலையோடு சுற்றிலும் பார்த்தார்.

“எங்க வூட்டுப் பாப்பா பேரு பிளசி. பிளசிதானே?”

“பிளசிதாண்ணா” என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். அவருக்கு உயிர் வந்தது. மற்றவர்களுக்கும்தான்.

பச்சியப்பன் மாதவராஜை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“என்னங்க அது?”

“போன வருசம் ஒகேனக்கல் ரோட்டுல டூர் வேன் ஒண்ணு பள்ளத்துல உருண்டுச்சே. பூதமாட்டம் ஒண்ணு வந்து, வேனை அப்படியே தூக்கி ரோட்டுல வெச்சுச்சே. செல்போன்ல பாக்கலீங்களா?”

“பார்த்தேன். எவனோ கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு நெனச்சேன்.”

“எங்க சவுரியப்பண்ணந்தாங்க அது. கோபம் தலைக்கேறுனா பூதமாயிடுவாரு. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாரு, பாவம். ஆனா திரும்ப மனுசனானா வூட்டு ஆளுங்களையெல்லாம் மறந்துடறாரு. அப்ப மறந்த பொண்ணு பேரு, போன மாசந்தாங்க திரும்ப வாயில வந்துச்சு. அதையும் நீங்க இன்னிக்குக் கெடுக்கப் பாத்தீங்க.”

மாதவராஜ் சவுரியப்பன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்ப கோபத்தை எப்படித்தான் அடக்கறாரு? ஜெபமாலையை வெச்சா?”

“அது பாதி தூரந்தாங்க வருது. அவரு எங்க அடக்கறாரு? நாங்கல்ல அடங்கி இருக்கறோம்! அவரு பெட்டியில பழம் எடுக்கறதில்ல. எடையில கை வெக்கறதில்ல. மரியாதை கொறைவா ஒரு பேச்சு பேசறதில்ல.”

“மத்த வெவசாயிங்ககிட்ட?”

பச்சியப்பன் தலையைச் சொறிந்தார். “அது இன்னும் பழகலீங்க.”

“அதுக்குன்னு ஒத்த ஆளுக்கு இத்தனை பேரு பயந்து நடுங்கறதா? மண்டிப் பக்கமே வராதீங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

பச்சியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பயமா? அன்னிக்கு அந்தப் பக்கமா பைக்ல வந்தவருங்க அவரு. பொண்ணை மறந்துடுவோம்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சே, கோபம் வரட்டும்னு தன்னைத்தானே பளார் பளார்னு அறைஞ்சுக்கிட்டு பூதமானாரு. அவரு பொண்ணு அன்னிக்கு வூட்டுல பத்திரமா இருந்துச்சுங்க. வேன்ல இருந்ததெல்லாம் எங்க புள்ளைங்க.”