வழி விட்டவர்கள்

“உசுரோட இருக்கிற பொம்பளைக்கு வெள்ளைத் துணி கட்டக் கூடாதுங்க, வாத்தியாரே.”

பரிசல்காரன் மாயவன் துடுப்பை நிறுத்திவிட்டான். பரிசலின் நடுவே, வைக்கோல்மேல் வாத்தியாரின் மனைவி பாக்கியமேரி கிடந்தாள். வலி கண்டு இரண்டு நாள். மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி அக்கரையில்.

மேட்டூர் அணை கட்டிய நாலு வருஷத்தில் நாகமரைத் துறை கடல் மாதிரி ஆகியிருந்தது. அந்தத் தண்ணீருக்கு ஒரு முறை உண்டு. மூங்கில் தெப்பம் வந்தால் பரிசல் காத்திருக்க வேண்டும். மோட்டார் லாஞ்சு வந்தால் இரண்டுமே ஒதுங்க வேண்டும். வெள்ளைத் துணி கட்டிப் பிணம் ஏற்றிவரும் பரிசலுக்கு மட்டும் எல்லோரும் வழி விடுவார்கள். முதுகைத் திருப்பிக்கொள்ளவும் செய்வார்கள். அதைப் பார்ப்பது ஆகாது.

எதிரே முப்பது தெப்பங்கள் வரிசையாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

வாத்தியார் சின்னப்பராஜ் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்தான். அவள் அண்ணன் சவரி இருந்தால் தடுத்திருப்பான். இந்த நிலையில் தங்கச்சியைத் தண்ணீரில் ஏற்றக் கூடாது என்று ராத்திரி சண்டை போட்டவன், விடியுமுன்னே சொல்லாமல் எங்கோ போய்விட்டான்.

பாக்கியமேரி கண் திறந்தாள்.

“கட்டுங்க மாயவண்ணே. உசுரோட போறவளுக்குத்தான் வழியில்ல. செத்தவளுக்காச்சும் விடட்டும்.”

மாயவன் ஒரு கழியில் துண்டைக் கட்டி நிறுத்தினான்.

தெப்பங்கள் பிரிந்தன. அவற்றுக்கு அப்பால் வேகமாக வந்த லாஞ்சு ஒன்று, துணியைக் கண்டதும் தூரமாக விலகி இஞ்சினை நிறுத்தியது. அதில் இருந்தவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அரை மணியில் கரை.

சின்னப்பராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடினான். மூச்சு இருந்தது. கம்பவுண்டர் நாடியைப் பார்த்தார். முகம் மாறியது. டாக்டரம்மா இல்லை என்றார்.

“எப்ப வருவாங்க?”

“பொழுது போயிருமுங்க. நாகமரையில ஒரு வாத்தியார் சம்சாரத்துக்கு ரெண்டு நாளா வலின்னு, அந்தம்மா அண்ணன் காலையில வந்து கால்ல விழுந்தாரு. அவசரத்துக்கு லாஞ்சைக் கேட்டு வாங்கிக்கிட்டு, கொஞ்சம் முன்னாலதான் அவரோட கெளம்புனாங்க. நீங்க எந்த ஊருங்க?”