கை தட்டாதவள்

எல்லாரும் கை தட்டத் தயாரான நேரத்தில்தான் பயிர் டாக்டரம்மா கையைத் தூக்கினாள்.

"சார், எனக்கு ஒரு கேள்வி."

மேடையில் நின்ற மண்புழு வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை 'சார்' என்று கூப்பிட்டதே இல்லை. அப்படிக் கூப்பிட்டால் விவகாரம் பெரிசு என்று எந்தப் புருஷனுக்கும் தெரியும்.

அந்த விவசாயப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம். ஆராய்ச்சிக்கு அரசாங்கத்திடம் நிதி கேட்கிற திட்டம் எதுவானாலும், தலைநகரத்து நிபுணர் குழுவிடம் போவதற்கு முன்னால் சக பேராசிரியர்கள் எதிரில் ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகை என்பது பேருக்குத்தான். 'பிரமாதம்' என்பார்கள், கை தட்டுவார்கள், டீ குடிக்கப் போவார்கள்.

உப்புப் பூத்த நிலத்தை மண்புழுவை வைத்துத் திருத்துவது வாத்தியாரின் திட்டம். ஏற்கெனவே இரண்டு தடவை, குழு நேரில் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவையும் நிதி வராவிட்டால் புழுத் தொட்டிகளை அப்புறப்படுத்திவிட்டு, அந்தக் கொட்டகையில் வண்டி நிறுத்தப் போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

"கேளுங்க மேடம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்க சோதனையெல்லாம் நம்ம பல்கலைக்கழக வயல்ல நடந்திருக்கு. இதே பலன் விவசாயி வயல்லயும் கிடைக்கும்னு என்ன நிச்சயம்?"

"அது... கிடைக்கும்."

"அதான் எப்படின்னு கேக்கறேன். சரி, முதல் வருஷமே மழை பொய்ச்சுட்டா?"

"மழை எதுக்கு மேடம் பொய்க்கப் போகுது?"

அரங்கமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"திட்டம் முடிஞ்சு நீங்க மூட்டையைக் கட்டின பிறகு, விவசாயி தானாவே இதைத் தொடர்ந்து செய்வார்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

தலைமை வகித்த டீன் தொண்டையைக் கனைத்தார். "இதுக்கெல்லாம் பதில் சேர்த்துக்கிட்டு இன்னொரு தடவை வாங்க."

டீ குடிக்கும்போது அடுத்த அறைப் பேராசிரியர் காதைக் கடித்தார். "என்ன சார், வேலியே பயிரை மேயுது?"

வீட்டுக் கதவைத் திறந்ததும் வாத்தியார் வெடித்தார்.

"கட்டின புருஷனை நாலு பேர் முன்னால நிக்க வெச்சுக் கேள்வி கேட்டியே, நல்லாருக்கா?"

"கேள்வி நல்லாத்தான் இருந்துச்சு. பதில்தான் நல்லால்ல."

"போன வருஷம் உன் ஒத்திகையில நான் என்ன பண்ணேன்? எந்திரிச்சு நின்னு கை தட்டினேன்! உள்ளங்கை செவந்து போச்சு. அதுக்கு நன்றிக்கடனா இது?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, துணி மடிக்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தையெல்லாம் மகள் மூலமாகத்தான்.

"அம்மா, உப்பு எங்கன்னு அப்பா கேக்கறார்."

"அவர் மூக்குக்கு நேரா இருக்குன்னு சொல்லு."

ஆனால் ரோஷம் பொல்லாதது. அவள் மூக்கை உடைத்தே தீருவது என்று வாத்தியார் கிளம்பினார். உப்புப் பூத்த நிலக்காரர்களைத் தேடிப் போய்க் கெஞ்சிக் கூத்தாடி, அவர்கள் வயலிலேயே சோதனைப் பாத்தி போடச் சம்மதம் வாங்கினார். மழை ஏமாற்றினால் என்ன செய்வது என்று தனியாக ஒரு பகுதி எழுதினார். விவசாயிகளே வீட்டில் புழு வளர்த்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளவும் வழி சொன்னார்.

மறு ஒத்திகையில் எல்லாரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினாள். அதற்கும் வாத்தியாருக்குக் கோபம் வந்தது.

தலைநகரத்தில் குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க வயல்ல நடந்தது விவசாயி வயல்லயும் நடக்குமா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அடுத்த கேள்வி மழையைப் பற்றி. அதற்கடுத்தது திட்டம் முடிந்த பிறகு என்ன என்பது. அந்தக் கேள்வியை அவர் கேட்டு முடிப்பதற்குள் வாத்தியார் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நிதி கிடைத்தது. கொட்டகை பிழைத்தது. செய்தி வந்ததும் வாத்தியார் நேரே மனைவியின் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். அவள் நோய் விழுந்த ஓர் இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அதே மூணு கேள்வி! வரிசைகூட மாறல! குழுவுல உனக்கு யாரையாவது தெரியுமா?"

"நல்லாத் தெரியும். போன வருஷம் இதே மூணு கேள்வியைக் கேட்டு என்னை உரிச்சவங்கதானே. ஒண்ணுக்கும் பதில் தெரியாம மரமாட்டம் நின்னேன்."

"அரசாங்கத்துல நிதி இல்லையாம்னுதானே வந்து சொன்னே?"

"வெக்கமா இருந்துச்சு. வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

"சரி, எனக்கு வீட்லயே சொல்லியிருக்கலாமே?"

"இப்படியெல்லாம் கேப்பாங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். 'எல்லாம் பாத்துக்கலாம்'னு டிவி சத்தத்தைக் கூட்டினீங்க. சபையில கேட்டாத்தான் உங்களுக்குக் காது கேக்கும்னு தோணுச்சு."

ஒரு வருஷமாக அந்த அவமானத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாளே! அவருடைய கோபம் இப்போது சக பேராசிரியர்கள்மேல் திரும்பியது.

"அடப்பாவிங்களா! உன் ஒத்திகையில ஒருத்தர்கூடவா இதைக் கேக்கல?"

இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சிரித்தாள்.

"கேக்கறதுக்கு டீன் வாயைத் திறந்தார்ங்க. அதுக்குள்ளதான் நீங்க எந்திரிச்சு நின்னு கை தட்டிட்டீங்களே!"