நெயில் பாலிஷ் பொட்டு

"வண்டிய என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்க்கா. சாயந்திரம் தந்துடறேன்."

பேட்டரி சக்கர நாற்காலியை எலக்ட்ரீஷியன் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலை விட்டு அசையவில்லை.

"இங்கயே வச்சுப் பார்த்தா என்னவாம்? நல்ல பேட்டரிய உருவிட்டு செத்த பேட்டரிய வச்சுட்டா?"

"எல்லாரையும் சந்தேகப்படாதக்கா" என்றான் கட்டிலில் இருந்த தம்பி.

"நான் ஏமாற மாட்டேன். பேட்டரி மேல நெயில் பாலிஷ்ல பொட்டு வச்சுத்தான் அனுப்பியிருக்கேன்."

நாளை அவன் வாத்தியார் வேலையில் சேர வேண்டும். பள்ளிக்கூடமோ மேட்டின் உச்சியில். நேற்று ஏறிப் பார்த்தபோது நாற்காலி பாதி மேட்டிலேயே படுத்துவிட்டது. தினமும் யார் தள்ளுவார்கள்?

சாயந்திரம் நாற்காலி வந்தது. சீட்டைத் தூக்கச் சொன்னாள். பொட்டு வைத்த பேட்டரி பத்திரமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் இன்னொன்று!

"ப்ளஸ்ஸோட ப்ளஸ்ஸ சேர்த்திருக்கீங்க? டார்ச் லைட்டுலகூட ப்ளஸ்ஸும் மைனஸும்தானே சேரும்? யார் காதுல பூ சுத்தறீங்க?"

"அப்படிச் சேர்த்தா வோல்ட் ஏறி மோட்டார் புகைஞ்சிடும்க்கா. இப்படின்னா வோல்ட் அப்படியே நிக்கும். மேட்டுல மோட்டார் கேக்கற கரண்ட்ட ரெண்டும் பங்கு போட்டுக் குடுக்கும். ஒத்த பேட்டரியால முடியாமத்தான் வண்டி படுத்துச்சு."

"சரி, இந்த ரெண்டாவது ஏது?"

"இருந்துச்சுக்கா."

"எவ்வளவு தரணும்?"

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

சும்மா கொடுப்பவரை நம்புவது அக்காவின் வழக்கத்திலேயே இல்லை.

"திருட்டு மாலா இருந்தா? முதல் நாளே போலீஸ் உன் பள்ளிக்கூட வாசல்ல வந்து நிக்கும் பாரு!"

மறுநாள் காலை நாற்காலி எங்கும் நிற்காமல் மேடு ஏறியது. தம்பி சிரித்துக்கொண்டே கேட்டுக்குள் போனான். பின்னாலேயே வந்த அக்காவின் நினைப்பெல்லாம் சீட்டுக்கு அடியில் இருந்த அந்த ரெண்டாவது பேட்டரி மேல்தான்.

இறங்கி வரும்போது எதிரே எலக்ட்ரீஷியன். ஒரு தோளில் பை, மறு தோளில் வயர் சுருள், சட்டையெல்லாம் வியர்வை. பேட்டரி ஸ்கூட்டர் இல்லாமல் அவர் வேலைக்குப் போய் அவள் பார்த்ததே இல்லை.

"என்ன, நடந்து வர்றீங்க?" குரலில் இன்னும் போலீஸ் மிடுக்கு.

"வேலைக்குத்தான்க்கா. வாத்தியார் மேடு ஏறிட்டாரா?"

"ம்... ஏறிட்டான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க பொட்டு வச்சது நல்லதாப் போச்சுக்கா. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி. இல்லன்னா எது உங்களுது, எது என் ஸ்கூட்டரோடதுன்னு நானே குழம்பியிருப்பேன்."