சன்னலோரத்து வெற்றிடம்

சமூக மன்றக் கூடத்தின் மின்விசிறிகள் வெப்பக் காற்றையே சுழற்றுகின்றன. கடிகாரம் ஆறே முக்கால் காட்டுகிறது. சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பகலெல்லாம் குனிந்து இரும்பைப் பற்றவைத்த இஞ்ஞாசி, மேடையருகே முதுகை நிமிர்த்தி அமர்ந்திருக்கிறார். நான்காண்டுகளுக்கு முன் முதுகுவலிக்காக யோகா பழக வந்தவர். வலி நீங்கிய பின்னும் வந்ததெல்லாம், வகுப்பின் முடிவில் கைகால் தளர்த்திப் படுக்கும் பத்து நிமிடச் சவாசனத்துக்காகவே. ஆசிரியராக அவர் நடத்தும் முதல் வகுப்பு இது. “எல்லாரும் மல்லாந்து படுங்க. கண்ண மூடிக்குங்க.” முன்வரிசை அந்தோனியம்மாள் விடுவதாயில்லை: “போன வாரம் வரைக்கும் எம்பக்கத்துல படுத்துக் கொறட்ட விட்ட ஆளு, இன்னைக்கு டீச்சராம் லா!” சிரிப்பு எழுந்து அடங்குகிறது. இருபது பாய்களிலும் மூச்சு சீராகிறது. இஞ்ஞாசி வழக்கமாகப் படுக்கும் சன்னலோரம் மட்டும் காலியாக இருக்கிறது. அங்கே மாலை வெயில் ஒரு பாயின் அகலத்துக்கு நீண்டு கிடக்கிறது. இஞ்ஞாசியின் இமைகள் கனக்கின்றன. அவரும் படுத்துவிட்டால் எழுப்ப ஆளில்லை.

மணி ஏழு; வகுப்பு முடியும் நேரம். அவர் வாய் திறக்குமுன், “டீச்சர், இன்னும் அஞ்சு நிமிசம்” என்கிறார் அந்தோனியம்மாள், கண் திறவாமல். குரலில் இப்போது கேலி இல்லை.

“படுங்கக்கா” என்கிறார் இஞ்ஞாசி. வெயில் நகர்ந்துவிட்ட அந்த இடத்தைப் பார்த்தபடி, நிமிர்ந்தே அமர்ந்திருக்கிறார்.