சின்ன இன்ஜினின் குறைகள்

“சின்ன இன்ஜின் எங்கெல்லாம் திணறும், அதை மட்டும் விவரமா சொல்லுங்க சார்” என்று கேட்டுவிட்டு, வண்டி வாங்கத் தம்பியோடு ஷோரூமுக்கு வந்திருந்த அக்கா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விற்பனையாளர் திகைத்துப் போனார். பதினாலு வருட அனுபவத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. எது நல்லது என்று கேட்பார்கள். எது மோசம் என்று யாரும் பேனாவும் கையுமாக வந்து உட்கார்ந்ததில்லை.

ஆனால் இன்றைக்கு அவருக்கு அது வரம். ஷோரூம் நடுவில் பெரிய இன்ஜின் பிக்கப் வண்டி ஒன்று நாலு மாதமாக நின்றுகொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு சின்ன இன்ஜினை வாங்கிக்கொண்டு போவார்கள். “இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அது வெளியே போகணும். இல்லன்னா நாளையிலேர்ந்து நீங்க பின்னாடி உதிரிபாகக் குடோன்ல உட்காருங்க” என்று மேனேஜர் காலையில் கறாராகச் சொல்லியிருந்தார். குடோனில் ஏ.சி. கிடையாது. டை கட்டவும் வேண்டியதில்லை. இரண்டாவதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

“நீங்க கேட்டதால சொல்றேன் மேடம்” என்று குரலைத் தாழ்த்தினார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர்கள் தாழ்த்துவார்களே, அந்த அளவு. “சின்னது சமதரையில ராஜா. மேடுன்னு ஒன்னு வந்துச்சோ, இருமல்காரன் மாதிரி ஆயிடும்.”

“எந்த அளவு மேடு?”

“பாலத்து ஏத்தமே போதும். முழு லோடு இருந்தா மூணாவது கியர்ல ஏறாது. ரெண்டுக்கு வரணும். பாதி ஏத்தத்துல முன்னாடி ஒரு வண்டி நின்னுச்சுன்னா, அப்புறம் நகத்துறது உங்க பாடு, சாமி பாடு.”

அக்கா எழுதினாள். ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். தான் பேசுவதை ஒருவர் குறிப்பெடுத்துக்கொள்வது விற்பனையாளர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் டி.வி. சத்தம் கூடும். நெஞ்சு தானாகவே ஒரு அங்குலம் முன்னே வந்தது.

அன்று காலையில்தான் ஒரு மரச்சாமான் கடைக்காரரிடம், “மலையே குறுக்கே வந்தாலும் ஆட்டுக்குட்டி மாதிரி தாவி ஏறிடும் சார்” என்று இதே சின்ன இன்ஜினை விற்றிருந்தார். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. எதைச் சொல்கிறாரோ, சொல்லி முடிக்கும் வரை அதை மனதார நம்புகிற மனிதர் அவர்.

அக்காவோடு வந்த தம்பி, வாட்டசாட்டமான ஆள், இந்த உபதேசம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. பெரிய வண்டியின் பின்பக்கம் போய், தரையில் மல்லாந்து படுத்து, அடியில் தலையை நுழைத்திருந்தான். செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“அங்கே ஒன்னும் இல்ல தம்பி. இன்ஜின் முன்னாடி இருக்கு” என்றார் விற்பனையாளர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

“தெரியுங்க” என்றது வண்டியின் அடிப்பக்கம். “அக்கா, அடிச்சட்டம் கெட்டியா இருக்கு. தாங்கும்.”

“நீ முதல்ல எந்திரி. சட்டையை யாரு துவைக்கிறது?” என்ற அக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். “வெயில்ல எப்படி சார்?”

“யாரு, சின்னதா? மேட்டுல ஏ.சி.யையும் போட்டீங்கன்னா சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடும். ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கி வெச்சுட்டு, வேடிக்கை பாக்குறவன் சொல்ற யோசனையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.”

“எவ்வளவு நேரம் நிக்கும்?”

“அரை மணி ஆகலாம், அரை நாளும் ஆகலாம். அன்னிக்கு அதோட மனசு எப்படியோ.”

வண்டிக்கடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

“சரி, கடைசியா ஒன்னு” என்றாள் அக்கா. “இவ்வளவு குறை இருக்கே. ஜனங்க எதைத்தான் அதிகமா வாங்குறாங்க?”

விற்பனையாளர் டையின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டார். பெரியதைத்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அக்காவுக்கு எதிர்ச் சுவர் முழுக்க, சாவி வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டும் வாடிக்கையாளர்களின் போட்டோக்கள். அத்தனை பேர் பின்னாலும் சின்ன வண்டி. குடோனின் வியர்வை வாடை அவர் மூக்குக்கு எட்டிவிட்டது.

“பத்துக்கு ஒன்பது பேர் சின்னதுதான் மேடம்” என்றார், செத்த குரலில். “விலையைப் பாத்து மயங்கிடுறாங்க. நானும் எவ்வளவோ எடுத்துச் சொல்றேன்.”

தம்பி சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். அக்கா அவனைப் பார்த்தாள்.

“என்னடா சொல்ற?”

“இதுக்கு மேல என்னக்கா யோசனை?”

அக்கா நோட்டை மூடினாள். “பெருசையே பில் போடுங்க சார்.”

பேரம்கூடப் பேசவில்லை. கண்ணாடி அறையிலிருந்து மேனேஜரே இறங்கி வந்து கை குலுக்கினார். விற்பனையாளர் டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டு, “கஸ்டமர் கண்ணைப் பாத்தே மனசுல ஓடுறதைப் படிச்சிடணும் சார். அது எல்லாருக்கும் வராது” என்று மேனேஜருக்கே பாடம் எடுத்தார்.

சாவியைக் கொடுக்கும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. “என்ன தொழில்னு கேக்கவே விட்டுப்போச்சே. காய்கறியா, செங்கல்லா மேடம்?”

அக்கா கைப்பையைத் துழாவி ஒரு கட்டு விசிட்டிங் கார்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். “இனிமே சின்ன வண்டி வாங்குறவங்களுக்கு சாவியோட சேத்து இதையும் ஒன்னொன்னு குடுத்துடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

விற்பனையாளர், மேனேஜர் காதில் நன்றாக விழும்படி, தன் கம்பீரக் குரலில் கார்டைப் படித்தார்: “மேட்டில் நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுத்து வந்து ஷோரூம் வாசலில் விடுவோம், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.”