உளியை மடியில் வைத்தவள்

“சும்மா உக்காந்திருக்கிறவளைப் போய்க் கல்லுல ஏத்தணுமா? அதுவும் என்னை?”

பட்டறை மேசையில் இரண்டே இரண்டு களிமண் மாதிரிகள் மிஞ்சியிருந்தன. ஒன்று, ஏணியைத் தோளில் சுமந்து நடக்கிற ஆள். மற்றது, உளியை மடியில் போட்டுவிட்டு, முழங்காலில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருக்கிற பெண். தங்கையின் விரல் அந்தப் பெண்ணின் மூக்கைத் தொடாத குறையாக நீண்டிருந்தது.

“உன்னைன்னு யார் சொன்னா?” என்றான் அண்ணன்.

“யாராவது சொல்லணுமா? எனக்குக் கண்ணு இல்லையா?”

இருவரும் ஒரே பட்டறையில் கல் செதுக்குகிறவர்கள். நல்ல கல் கிடைப்பது எப்போதாவதுதான். யோசனை தினமும் வரும். எதைக் கல்லில் ஏற்றுவது என்பதில் ஆரம்ப நாட்களில் பேச்சுவார்த்தை நின்றுபோகும் அளவுக்குச் சண்டை. பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. தோன்றுவதையெல்லாம் மளமளவென்று களிமண்ணில் பிடித்து அண்ணியிடம் கொடுத்துவிட வேண்டும். அண்ணி ஈர ஸ்பாஞ்சால் விரல் தடங்களை அழித்து, காயவைத்து, துணியில் சுற்றிப் பரணில் கலந்து போட்டுவிடுவாள். வருஷக்கணக்கில் கிடந்து, எது யாருடையது என்பது மறந்துபோன பிறகுதான் பிரிப்பது. இருவருக்கும் பிடித்தது கல்லுக்குப் போகும். யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாது.

இப்போது நூலக வாசலுக்கென்று பெரிய கருங்கல் ஒன்று முற்றத்தில் வந்து இறங்கியிருந்தது.

“ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறது யாரோட யோசனை? உன்னோடது. பஸ் ஸ்டாண்டுல? அதுவும் உன்னோடது. ரெண்டையும் கூடவே நின்னு கொத்தினது மட்டும் நான். இந்த ஒரு கல்லாவது என்னோடதா இருக்கட்டும்னு பார்த்தா, என்னையே பொம்மையாக்கி வச்சிருக்கே.”

“அப்போ ஏணிக்காரன் உன்னோடதா?”

“கேக்கக் கூடாது,” என்றாள் அண்ணி, வெங்காயம் உரித்தபடி.

“இன்னைக்குக் கேக்கலாம் அண்ணி. என்னோடதுதான். துணியைப் பிரிச்சதுமே தெரிஞ்சுது. பாருங்க, அவன் நடக்கிறான். இவ உக்காந்திருக்கா. இந்த வீட்டுல எனக்கு உக்கார எங்கே நேரம்?”

“இந்தக் கல்லுல ஏணி கொத்தி, ஒரு படி தெறிச்சா மொத்தமும் போச்சு,” என்றான் அண்ணன். “இவ கல்லோட கல்லா உக்காருவா.”

“சுலபமா வேணும்னா வாசப்படி கொத்து.”

“சுலபத்துக்குச் சொல்லல, மிளகா.” சின்ன வயதிலிருந்து அவளுக்கு வீட்டில் அதுதான் பெயர். “இவளைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு வேற எதுவும் மனசுல ஏறல. இவ சோம்பேறியா உக்காரல. கல்லு கேட்டுக் கேட்டுக் கிடைக்காம அலுத்துப்போய் உக்காந்திருக்கா. அந்த முதுகைப் பாரு.”

“முதுகைத்தான் பார்க்கிறேன். வலது தோள் இறங்கியிருக்கு. எனக்கு அப்படி இருக்குன்னு ஜாக்கெட் தைக்கிறவ சொல்லித்தான் எனக்கே தெரியும். என் முதுகை நான் எங்கே கண்டேன்? கண்டவன் நீ. பக்கத்துல நின்னு கொத்திக்கிட்டே என் கூனை அளவெடுத்திருக்கே.”

“நான் செஞ்சதா எனக்கு ஞாபகமே இல்ல. செஞ்சிருந்தா, என் கையில வந்ததுலயே நல்லது இதுதான். நீ ஒத்துக்கலைன்னா நூலகத்துக்காரங்களை வேற ஆள் பார்த்துக்கச் சொல்லிடுவேன்.”

“ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையைக் கொத்திடாதீங்க,” என்றாள் அண்ணி. “கல்லு வாசலை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. பாலு வாங்கப் போகணும்னா ஏறிக் குதிக்கிறேன்.”

“ஊரே புத்தகம் எடுக்க வரும்,” என்றாள் தங்கை. “வாசல்லயே இவ உக்காந்திருப்பா. இத்தனை வருஷம் கல்தூசி தின்னதுக்கு எனக்கு நீ வைக்கிற சிலை இது. வேலை செய்யாத தங்கச்சி. ரொம்ப நல்லா இருக்கு.”

உட்கார்ந்திருந்த பெண்ணை இடுப்பில் பிடித்துத் தூக்கினாள்.

“கீழே வை,” என்றான் அண்ணன். அவன் குரல் உயர்ந்தது அப்போதுதான். “நீ எதை வேணா எடுத்துக்கோ. ஏணிக்காரனையே கொத்தலாம். அதை மட்டும் வச்சிடு.”

“தன்னோடதுன்னா எப்படி வலிக்குது பாரு,” என்றாள் அவள். கையை விட்டாள்.

காய்ந்த களிமண் பொம்மை தரையில் மோதிச் சிதறியது. தலை மேசைக்கடியில் உருண்டு போனது. அண்ணன் குந்தி உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். முதுகுத் துண்டைக் கையில் எடுத்ததும் நிறுத்தினான். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தங்கையிடம் நீட்டினான்.

உடைந்த மண்ணுக்குள்ளிருந்து முறுக்கிய சிவப்பு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. மாதிரியின் உள்கூட்டுக்கு அண்ணன் எப்போதும் வைப்பது இரும்புக் கம்பி. வீணாய்ப்போன ஒயரை முறுக்கி வைக்கிற பழக்கம் அந்தப் பட்டறையில் தங்கைக்கு மட்டும்தான்.

நூலக வாசலில் இப்போது ஏணிக்காரன் நிற்கிறான். அந்தக் களிமண் மாதிரியை உடைத்துப் பார்க்க வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள்.