இருபத்தேழாம் கட்டு

"அம்மா, ஆபீஸ்ல நோட்டு காணாம போனா நெலமும் காணாம போயிருமா?" என்று மகள் ஆர்த்தி ஒருமுறை கேட்டபோது பச்சையம்மாள் சிரித்தாள். இன்று, தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் தாலுகா அலுவலகப் பதிவறையில், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குன்னத்திலிருந்து வந்த அமாவாசை சன்னல் கம்பியைப் பிடித்தபடி எழுத்தரிடம் கெஞ்சுகிறார். "நாளைக்குக் கோர்ட்டுங்க சார். பழைய நில நோட்டோட நகல் இல்லன்னா கொல்லை நெலமே கைய விட்டுப் போயிருங்க." அலமாரியில் இருபத்தேழாம் எண் இடம் காலியாக இருக்கிறது. எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டும் இல்லை. நேற்று, மழை ஒழுகி நனைந்த கட்டுகளை வெயிலில் உலர்த்தி, திரும்ப அடுக்கியவர் எழுத்தர் குருமூர்த்திதான். "அக்கா, கெடைக்கலன்னா என்னைய சஸ்பெண்ட் பண்ணிருவாங்க" என்கிறார். தாசில்தார் அறையில் மணி ஒலிக்கிறது. குருமூர்த்தி போகிறார்.

கம்பி வழியே விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. "மாரியாத்தா" என்று முனகியபடி, அவள் ஒவ்வொரு சிவப்புத் துணியாக அவிழ்க்கிறாள். இருபத்தெட்டாம் துணிக்குள் இரண்டு ஊர் நோட்டுகள் ஒன்றாய்க் கட்டுண்டு கிடக்கின்றன; அதில் ஒன்று குன்னத்து நோட்டு. "வாய்யா, நானே வந்து பாக்கறேன்" என்று தாசில்தாரின் குரல் நடைவழியில் நெருங்குகிறது. அவளுக்கு நினைவு வருகிறது: இரண்டு வருடம் முன்பு ஒரு கட்டை எடுத்தபோது அவள் வைக்க மறந்த சீட்டைத் தன் கையால் எழுதிச் செருகிவிட்டு, குருமூர்த்தி யாரிடமும் மூச்சுவிடவில்லை. குன்னத்து நோட்டைத் தனித்துணியில் முடிந்து, இருபத்தேழாம் இடத்தில் வைக்கிறாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு, அவர்கள் உள்ளே வருமுன் பின்கதவு வழியே வெளியேறுகிறாள்.